மருதமுனை ராத்தாவுக்கு, ஒரு டின் லேபல் பற்றி

அன்புள்ள ராத்தாவுக்கு,

போன மாதம் மட்டக்களப்பு பஸ்ஸில் நீங்கள் ஏற்றிவிட்ட உரப்பை பத்திரமாக வந்து சேர்ந்தது. "என்னக்கா, நெல்லா?" என்று தூக்கிப் பார்த்த கண்டக்டர் தம்பி, பாரமே இல்லையே என்று முழித்தார். பாவு முடிகிற இடத்தில், நெய்ய முடியாமல் தறியில் மிஞ்சிப்போகும் முழ நீள நூல்கள். குப்பை என்று சொல்லித்தான் தந்தீர்கள். முற்றத்தில் கொட்டிப் பிரிக்க உட்கார்ந்தேன். கத்தரிப்பூ நிறக் குவியலைப் பூனை எடுத்துக்கொண்டது, மிச்சம் எனக்கு.

இதை உங்களுக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் நான் செய்தது கடைக்கு வந்த சனத்தோடு சேர்ந்து செய்த காரியம். அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். உங்கள் பெயரை மட்டும் போடவில்லை.

2019 ஏப்ரல் 21, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் முஸ்லிம் தீவிரவாதி ஒருவன் குண்டு வெடிக்கவைத்த ஞாயிறு. அன்று போன பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது. அந்தத் துக்கம் பொய் இல்லை. ஆனால் அதோடு இன்னொன்றும் வந்து ஒட்டிக்கொண்டது. மே மாதம் என் கடைக்கு வந்தவர்கள் நீங்கள் நெய்து அனுப்பிய சாரங்களைப் புரட்டிப் பார்ப்பார்கள். ஓரத்து லேபலில் உங்கள் வாப்பாவின் பெயரையும் ஊரையும் கண்டதும், "அவங்கட சாமானா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. வைத்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

ஒருநாள் இரவு கடையைச் சாத்திவிட்டு, ஒரு பிளேட் துண்டை எடுத்து அத்தனை லேபலையும் பிரித்தேன். 43 லேபல். மறுநாள் கேட்டவர்களிடம் யாழ்ப்பாணத்துச் சாமான் என்றேன். இரண்டு கிழமையில் வித்துப்போச்சு. பணத்தை அனுப்பிவைத்தேன். அப்போது நீங்கள் போனில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "பார்த்தியா தங்கச்சி, நம்மட சனம் நல்ல சனம்தான்."

நானும் "ஓம் ராத்தா" என்றேன்.

அப்போது உங்களுக்கு உதவி செய்ததாகத்தான் நினைத்தேன். வீட்டில் சொன்னபோதும் கெட்டிக்காரி என்றார்கள். வதந்தியை நம்புகிற ஆள் நான் இல்லை என்ற நினைப்பு வேறு. அதற்கு முந்தின வருடம், 2018 பெப்ரவரியில், முஸ்லிம் கடைக் கொத்துரொட்டியில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்று அம்பாறை டவுனில் பள்ளிவாசலையும் கடைகளையும் அடித்து உடைத்தார்களே. சோதித்துப் பார்த்தால் அது வெறும் மாக்கட்டி. அதைக் கேட்டுச் சிரித்தவள்தான் நான். அவர்கள் கல்லால் செய்ததை நான் பிளேட் துண்டால் செய்திருக்கிறேன் என்பது உறைக்க இத்தனை வருடம் எடுத்தது.

மேடை ஏறினால் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் மாதிரி என்பார்கள். எனக்கு அதைக் கேட்டாலே அலுப்பு. 1990 ஆகஸ்ட் என்றால் உங்களுக்கு 3ஆம் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலை. எங்களுக்கு 12ஆம் திகதி, வீரமுனைக் கோயில் படுகொலை. ஒருவர் திகதியை மற்றவர் வாயால் சொல்லிக் கேட்டது மிகக் குறைவு. பிட்டைப் பற்றிப் பிறகு பேசலாம்.

சரி, நூலுக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓடும். அடிமைகளாக வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் கறுப்பின மக்களின் ஊர். அக்கரை நகரத்துக்குப் போக, நம் குருமண்வெளி–மண்டூர்ப் பாதை போல, தண்ணீரைக் கடக்கும் ஒரு மிதவைப் பாதைதான். அந்தச் சனம் வாக்காளராகப் பதியப் புறப்பட்ட காலத்தில், 1962இல், அதை நிறுத்திவிட்டார்கள். திரும்ப ஓடியது 2006இல். 44 வருடம் ஊரைச் சுற்றித்தான் போனார்கள். அந்த ஊர்ப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளை வெட்டிப் போர்வை தைத்தார்கள். மிசூரி பெட்வே என்பவர் 1942இல், இறந்துபோன கணவனின் உடுப்புகளை வைத்தே ஒன்று தைத்தார். கலை என்று யாரும் தைக்கவில்லை, குளிருக்குத் தைத்தார்கள். 2002இல் அவர்களின் போர்வைகள் நியூயோர்க் அருங்காட்சியகச் சுவரில் தொங்கின.

அவற்றின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில போர்வைகளில் காற்சட்டைத் துணி வெயிலில் வெளிறிக் கிடக்கும். பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் சதுரமாக, பழைய கருநீலத்திலேயே இருக்கும். அதைக் கண்டதும் எழுந்து போய் அலுமாரியைத் திறந்தேன். விற்காமல் எனக்கென்று வைத்த உங்கள் சாரம் ஒன்று உண்டு. ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். லேபல் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் அப்படியே இருக்கின்றன.

அன்றைக்குத்தான் உங்களிடம் கழிவு நூல் கேட்டேன்.

உரப்பையையே வெட்டி விரித்து அடித்துணியாக்கினேன். வெட்டின ஓரம் பிரிந்துகொண்டே போகும், மடித்துத் தைத்தால்தான் நிற்கும். பிளாஸ்டிக் இழை வழுக்குவதால் நூலை வெறுமனே கோர்த்தால் கழன்றுவிடும். ஒவ்வொன்றையும் பின்பக்கம் முடிச்சுப் போடவேண்டும். ஒரு சாண் அகலத்துக்கு ஒரு பின்னேரம் போகும். சாரத்துக் கோடு மாதிரி, ஊருக்கொரு நிறம்: பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். றோட்டில் போகும்போது தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று மாறி மாறித்தானே வரும். கல்முனைக்கு மட்டும் இரண்டு நிறத்தையும் கலந்து முறுக்கினேன், பார்க்க வடிவாக இல்லை. அப்படியே விட்டுவிட்டேன். ஊர்களுக்கு நடுவே காத்தான்குடித் தையல்காரர் ஒருவர் தந்த அபாயா வெட்டுத்துணி. கறுப்பு என்று ஒரே கறுப்பு இல்லை ராத்தா, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று பச்சை அடிக்கிறது, ஒன்று நாவல் பழம்.

ஒரு மண்டபத்தில் மாட்டக் கேட்டார்கள். 'நல்லிணக்கம்' என்று பெயர் வைக்கவேண்டுமாம். மாட்டவில்லை.

இனி நான் கேட்க வந்தது. அந்த 43 லேபலையும் எறியவில்லை. நெஸ்டமோல்ட் டின்னில் போட்டு, வெட்கத்தில் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்தேன். சாரம் வாங்கினவர்களைத் தேடிப் போய் ஒட்டிவிட முடியாது. மருதமுனைக் கோட்டின்மேல், எழுத்து வெளியே தெரிகிற மாதிரி வரிசையாகத் தைக்கலாம் என்று இருக்கிறேன். ஒன்றை மட்டும் நூல் ஓட்டிப் பார்த்தேன். உங்கள் வாப்பாவின் பெயர் அது. கேட்காமல் ஒருதரம் எடுத்துவிட்டேன், கேட்காமல் திரும்ப வைக்கக் கூடாது. வேண்டாம் என்றால் சொல்லுங்கள். பிரிக்க எனக்குத் தெரியும்.

களுவாஞ்சிகுடித் தங்கச்சி