"ஒமேகா-3 நல்லது" என்று மட்டும் எழுதாதீர்கள்: இதய நோய் வழிகாட்டுதல் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அடுத்த பதிப்பில் மீன் எண்ணெய் பற்றி எழுதும்போது, யாருக்கு, எந்த அமிலம் (மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களான இபிஏவா, டிஹெச்ஏவா), எத்தனை மில்லிகிராம் என்று பிரித்து எழுதுங்கள். இந்த மூன்றும் இல்லாத பரிந்துரை நோயாளிக்கு உதவாது.

ஜப்பானின் ஜெலிஸ் ஆய்வில் 18,645 பேர். ஏற்கெனவே நிறைய மீன் சாப்பிடும் மக்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தோடு தினம் 1.8 கிராம் இபிஏ எடுத்தவர்களுக்கு மாரடைப்பு போன்ற பெரிய இதய நிகழ்வுகள் 19% குறைந்தன. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் 3.5% என்பது 2.8% ஆனது, அவ்வளவுதான். சுமார் நாலரை ஆண்டில் ஆயிரத்துக்கு ஏழு பேர். யார் மருந்து எடுக்கிறார்கள் என்பதும் மறைக்கப்படவில்லை.

அமெரிக்காவின் வைட்டல் ஆய்வில் 25,871 பேருக்கு நாளுக்கு 1 கிராம் மீன் எண்ணெய். ஆய்வு முதன்மையாக அளந்த முடிவில் பலன் இல்லை. மீன் குறைவாகச் சாப்பிட்டவர்களிடம் மட்டும் இதய நிகழ்வுகளில் 19% குறைவு தெரிந்தது. பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினரை மட்டும் பிரித்துப் பார்த்த உட்பிரிவுக் கணக்கு என்பதால் இதைத் தடயமாகத்தான் கொள்ள வேண்டும். 58 நாடுகளின் தரவைத் தொகுத்த 2021 ஆய்விலும் வாரம் 175 கிராம் மீனோடு சேர்ந்து ஆபத்து குறைந்து காணப்பட்டது ஏற்கெனவே இதய அல்லது ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களிடம்தான்; மற்றவர்களிடம் இல்லை.

4 கிராம் அளவிலோ குழப்பம். ரெட்யூஸ்-இட் ஆய்வில் தூய இபிஏ இதய நிகழ்வுகளை 25% குறைத்தது. ஸ்ட்ரெங்த் ஆய்வில் இபிஏ, டிஹெச்ஏ கலவை அவற்றைக் குறைக்கவில்லை. முன்னதில் ஒப்பீட்டுக்குக் கொடுத்தது கனிம எண்ணெய். அந்தக் குழுவில் கெட்ட கொழுப்பு ஏறியது. பின்னதில் சோள எண்ணெய். வித்தியாசத்தில் ஒரு பங்கு இங்கிருந்து வந்திருக்கலாம் என்பதை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கேப்சூல் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முன்னால் 1,000 மி.கி. என்றிருக்கும். வழக்கமான சரக்கில் பின்னால் இபிஏ 180, டிஹெச்ஏ 120; மீதி 700 வேறு கொழுப்பு. ஜெலிஸ் அளவை எட்ட இதில் நாளுக்குப் பத்து விழுங்க வேண்டும், கூடவே 1.2 கிராம் டிஹெச்ஏவும் உள்ளே போகும், அது ஜெலிஸில் கொடுத்த மருந்தே அல்ல.

அளவு கூடினால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் ஒழுங்கற்ற துடிப்பும் கூடுகிறது. ரெட்யூஸ்-இட்டில் இந்த வகைத் துடிப்புக் கோளாறால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 3.1%, ஒப்பீட்டுக் குழுவில் 2.1%. ஆகவே 1 கிராமுக்கு மேல் பரிந்துரைக்கும் ஒவ்வொரு இடத்திலும், தொடங்கும் முன் நாடி பார்க்கவும், படபடப்பு வந்தால் இசிஜி எடுக்கவும் என்று அதே பத்தியில் சேர்த்துவிடுங்கள்.