மூடப்பட்ட உரக்கிடங்கின் பதிவேடுகளை விளக்கித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
பழைய உரக்கிடங்கை ஒட்டிய தெருக்களில் குடியிருப்போர்

பெறுநர்:
உயர்திரு நகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: மூடப்பட்ட உரக்கிடங்கின் எல்லை, நீர் ஆய்வுப் பதிவேடுகள் – நேரில் விளக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் தெருக்களுக்கு மேற்கே உள்ள உரக்கிடங்கில் குப்பை கொட்டுவது நின்று பல வருடங்களாகின்றன. மண் போட்டு மூடிய மேட்டில் இப்போது சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அண்மையில் இங்கே ஒரு வீட்டில் சம்ப் கட்டக் குழி தோண்டியபோது, ஐந்தடி ஆழத்தில் பாலித்தீன் பைகளும் குளுக்கோஸ் பாட்டிலும் கரும்சேறும் வந்தன. பட்டா மனைக்குள் இவை எப்படி வந்தன? கிடங்கின் எல்லைதான் எதுவரை?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டோம், நகல்கள் கிடைத்தன. ஆனால் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. வரைபடத்தில் இருப்பது பழைய சர்வே எண், எங்கள் பட்டாவில் இருப்பது நகர நில அளவை எண். உட்பிரிவுக் கோடு நகலில் அழிந்துவிட்டது. மூடிய தேதியும் இரண்டு தாள்களில் இரண்டு விதமாக இருக்கிறது.

தண்ணீர் ஆய்வறிக்கையில் ஈயத்துக்கு நேரே 'பி.டி.எல்.' என்று இருக்கிறது. கருவிக்கு எட்டாத அளவு குறைவு என்று அர்த்தமாம். சரி, அந்தக் கருவிக்கு எட்டும் அளவு எவ்வளவு? குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலை. அதைவிட அதிகமாக இருந்தால்தான் கருவி காட்டும் என்றால், 'பி.டி.எல்.' என்பதை நம்பித் தண்ணீர் குடிக்க முடியாது. மாதிரி எடுத்த இடம் 'போர்வெல் 2'. அது யார் வீட்டுப் பக்கம், மழைக்கு முன்பா பின்பா என்ற விவரம் இல்லை.

மூடிய கிடங்கைக் குறைந்தது 15 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும், அதன் பிறகும் வாயு, குப்பையிலிருந்து கசியும் கழிவுநீர், மண்ணின் உறுதி ஆகியவை சரியாக இருந்தால்தான் அங்கே குடியிருப்பை யோசிக்கலாம் என்பது 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னது. இங்கே அந்த 15 ஆண்டு எந்தத் தேதியில் தொடங்குகிறது?

ஆகவே, நகராட்சிப் பொறியாளரும் நில அளவையரும் மூலக் கோப்புடன் ஒருநாள் நேரில் வந்து, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்திக் காட்டி, எல்லையில் கல் நட்டு, ஆய்வறிக்கையைத் தமிழில் விளக்க உத்தரவிட வேண்டுகிறோம். அந்தக் காலத்துக் கோப்பு எல்லாமே இருக்கும் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை. இல்லாததை 'இல்லை' என்று எழுத்தில் தந்து, அந்த இடங்களில் மண்ணையும் நீரையும் புதிதாகப் பரிசோதித்தால் போதும்.

சம்ப் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் நாள் குறித்துத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: பெறப்பட்ட நகல்கள், சம்ப் குழியின் புகைப்படங்கள்.

இப்படிக்கு,
குடியிருப்போர்
(கையொப்பங்கள் தனித்தாளில்)