மேட்டூர் அணைக்குள் மூழ்கிய ஊர்களின் பட்டியல் எங்கே?

மேட்டூர் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் அதன் பழைய நில ஆவணங்களுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். 1925இல் தொடங்கி 1934இல் முடித்த அணைக்காக ஊர்களைக் காலி செய்தது உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீருக்குள் போன ஊர்கள் எவை, எங்கே இருந்தன, அங்கிருந்தவர்கள் எங்கே குடியேறினார்கள் என்ற பட்டியலைப் பழைய கிராம வரைபடங்களோடு வெளியிடுங்கள்.

எங்களிடம் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் ஒன்று இருக்கிறது. மடித்த இடமெல்லாம் இற்றுப்போய்விட்டது. சக்குபந்தி, அதாவது நான்கு எல்லை விவரம், மட்டும் படிக்க முடிகிறது: கிழக்கே ஆறு, தெற்கே வண்டிப்பாதை, மேற்கே பங்காளி காடு, வடக்கே கோயில் மானியம். அந்த ஊரின் வரைபட நகல் கேட்டு ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். சர்வே நம்பர் சொன்னால் தருகிறோம் என்றார்கள். சர்வே நம்பரைத் தெரிந்துகொள்ளத்தானே வரைபடமே கேட்கிறேன்! அப்புறம் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "இப்படி ஓர் ஊரே இல்லையே" என்றார்கள். சரி, அது உண்மைதான். போன மாதம் வந்த பதிலில், நிலத்தின் தற்போதைய நான்கு எல்லைகளைக் குறிப்பிட்டு மீண்டும் விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு பக்கமும் தண்ணீர் என்று எழுதி அனுப்பட்டுமா, ஐயா?

நிலத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. டெல்டாவுக்குத் தண்ணீர் போகட்டும், நல்லதுதான். ஊர் பெயரைத்தான் கேட்கிறோம்.

அன்று சேலத்துக்கும் கோயம்புத்தூருக்கும் காவிரிதான் எல்லை. 1965இல் தருமபுரி பிரிந்தது, 1979இல் ஈரோடு பிரிந்தது. ஒரே தண்ணீருக்குள் கிடக்கும் ஊர்களின் காகிதங்கள் இதில் எந்தப் பரணில் இருக்கின்றனவோ. கேட்டுப் போகிறவரை அங்கே போ, இங்கே போ என்று அலைய விடுகிறார்கள். அந்த ஊர்களில் பிறந்தவர்கள் இன்று அநேகமாக யாரும் இல்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கே எண்பது வயதாகிறது. இன்னும் யாரிடம் போய் விசாரிப்பது?

தண்ணீர் வற்றினால் பண்ணவாடியில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் வெளியே தெரிகின்றன. கூட்டம் போய் செல்ஃபி எடுக்கிறது, பத்திரிகையில் படம் வருகிறது. அந்த நேரத்தில் ஒரு சர்வேயரையும் சங்கிலியையும் அனுப்ப யாருக்கும் தோன்றுவதில்லை. நீர்மட்டத்தைத் தினமும் தசம புள்ளியோடு அறிவிக்க முடிகிறது. திறந்து வைத்த ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் நீர்த்தேக்கத்துக்கு இன்றும் இருக்கிறது. வீட்டையும் காட்டையும் விட்டுப் போனவர்களின் ஊர் பெயர்தான் கணினியில் வர மாட்டேன் என்கிறது!

கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் பட்டியலையாவது வெளியிடுங்கள், வரைபடங்கள் பின்னால் வரட்டும். அடுத்த முறை தண்ணீர் இறங்கும்போது இடங்களை அளந்து குறித்து வையுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். என் மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. தயவுசெய்து மறுபடி எல்லை விவரம் கேட்டு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
கொளத்தூர்க்காரன்