செயலாளர் ஆண்டறிக்கை: உருளைக்கிழங்குக் கருகல் நோயும் நம் மண்ணும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்த மழையிலும் மேல்தோட்டத்திலிருந்தும் பாலாடா பக்கமிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஆனியில் மட்டும் பாதையில் மண் சரிந்ததால் கூட முடியவில்லை. சந்தா பெரும்பாலும் வசூலாகிவிட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மேட்டுப்பாளையம் மண்டிக்குச் சேர்ந்து லாரி பிடித்து அனுப்பும் ஏற்பாடு பாசனத்தில் விளையும் நீர்போகத்தில் நன்றாக நடந்தது. மழையை நம்பிய கார்போகத்தில் ஏற்றுவதற்கு உருளைக்கிழங்கே இல்லாமல் அது நின்றுபோனது. இலையையும் கிழங்கையும் அழிக்கும் கருகல் நோயால் அது எப்படி இல்லாமல் போனது என்பதைத்தான் இந்த அறிக்கையில் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆடி பிறந்த வாரத்தில் தொடர்ந்து வெயிலே முகம் காட்டவில்லை. பகலில் சாரல், இரவில் பனிமூட்டம். ஒருநாள் காலை ஆறரை மணிக்குப் பாலாடா ஓரத்துத் தோட்டம் ஒன்றில் நின்று ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கம் வெந்நீர் பட்டதுபோல் கரும்பச்சைத் திட்டு. அடிப்பக்கம் அந்தத் திட்டின் விளிம்பைச் சுற்றி மெல்லிய வெள்ளைப் படலம், மாவு தூவினாற்போல. பத்து மணிக்குப் பார்த்திருந்தால் காய்ந்து மறைந்திருக்கும். ஆறாம் நாள் மலைச்சரிவில் படியாக வெட்டிய அந்த அடுக்கு முழுவதும் கருகித் தலைசாய்ந்து கிடந்தது. தோட்டத்துக்குள் இறங்கும் முன்பே அந்த அழுகல் வாடை வந்தது. மார்கழியில் நம்மை விட்டுப் போன மூத்த உறுப்பினர் பாட்டி இந்த வாடையை ஒரு மேடு தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவார். "இலையை அடியில பாரு, மேல பாக்காதே" என்று என்னிடம் முதலில் சொன்னவர் அவர்தான். அவருக்கு இந்தச் சபை அஞ்சலி செலுத்துகிறது.

இந்த நோய் நமக்குப் புதிதில்லை. அயர்லாந்தில் 1845இல் தொடங்கி ஏறக்குறைய 10 லட்சம் பேரைப் பஞ்சத்தில் கொன்றதும் இதே நோய்தான். இந்தியாவில் இதை முதலில் பார்த்ததும் நம் நீலகிரியில்தான், 1870க்கும் 1880க்கும் இடையில். பூஞ்சைக் காளான் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்ற இந்த உயிர் நீர்ப்பாசிகளின் தூரத்து உறவு. குளிர்ந்த ஈரத்தில் நோயைப் பரப்பும் அதன் நுண்ணிய வித்துப்பை ஒன்று வெடித்துப் பல நீந்தும் வித்துகளாகப் பிரியும்; இலைமேல் நிற்கும் நீர்த்துளியில் அவை நிஜமாகவே நீந்தும். ஆகவே இலை எத்தனை மணி நேரம் நனைந்திருக்கிறது என்பதே இதில் பெரிய கேள்வி. நம் ஆடி மாதத்து 12, 15 டிகிரி குளிரும் காயாத இலையும் அதற்கு அவ்வளவு பொருத்தம்.

மருந்தைப் பற்றி உறுப்பினர்கள் பலர் கேட்டார்கள். முன்பு மெட்டலாக்சில் கலந்து ஒருமுறை அடித்தால் நோய் நின்றது. 2008க்குப் பிறகு தென்னிந்தியாவில் பரவிய புதிய வகை அந்த மருந்துக்குக் கட்டுப்படுவதில்லை. மான்கோசெப் இலைமேல் பூச்சாக இருந்து காக்கும், ஆனால் நோய் வருவதற்கு முன்பே அடித்திருக்க வேண்டும். சாரலில் கழுவிப்போனால் மறுபடியும் அடிக்க வேண்டும். தாமிர மருந்துக்கும் இதே கதை. போதாதற்கு, ஆண்டாண்டாக அடிக்கும் தாமிரம் மண்ணிலேயே தங்கி மண்புழுவைக் குறைக்கும். 1968இல் வந்தபோது கருகலைத் தாங்கிய குஃப்ரி ஜோதி ரகம் இன்று தாங்குவதில்லை. மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருந்தை மட்டும் நம்பியவர்களுக்கு இந்தக் கார்போகத்தில் என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தோம்.

அப்புறம் மண்ணுக்கு வருகிறேன். ஆடி முடிந்ததும் செயற்குழு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கியது. ஒரே நாளில் நட்ட, ஒரே விதை போட்ட இரண்டு அடுக்குகளை ஓர் உறுப்பினரிடம் பார்த்தோம். மேல் அடுக்கில் சரிவுக்குக் குறுக்காக, செடி நிற்கும் மண்மேட்டு வரிசையான பார் பிடித்து, ஓரத்தில் புல் வளர்த்த வடிகால் விட்டிருந்தார். செடியடியில் இரண்டு முறை மண் அணைத்ததில் மேடு அகலமாக, முழங்கால் உயரத்துக்கு நின்றது. கீழ் அடுக்கில் ஆள் கிடைக்காமல் ஒருமுறைதான் அணைத்திருந்தார். உள்மூலையில் தண்ணீர் கட்டிக்கிடந்தது. இலை இரண்டிலுமே கருகியிருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் கொத்தில் தோண்டியபோது மேல் அடுக்குக் கிழங்கு சுத்தமாக வந்தது. கீழ் அடுக்கில் மண்ணுக்கு வெளியே முதுகு காட்டிக்கொண்டிருந்த கிழங்குகளைக் கத்தியால் அறுத்தால், தோலுக்கு அடியில் துரு நிறத்தில், பொரபொரவென்று உள்ளே இறங்கும் அழுகல். இலையிலிருந்து மழையோடு வழியும் வித்துகள் மண் வெடிப்பு வழியாகக் கிழங்குக்கு இறங்குகின்றன. நடுவில் நான்கு விரல் கனத்துக்கு நல்ல மண் இருந்தால் பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிடும்.

மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்தால் தண்ணீர் சீக்கிரம் வடியும் என்பது நம் பழைய வழக்கம். வடியும்தான், கூடவே மேல்மண்ணையும் ஆற்றுக்குக் கொண்டுபோகும். குறுக்குப் பார், அதற்கு ஒரு சிறு சாய்வு, கடைசியில் புல் வடிகால்: இதில்தான் இரண்டும் ஒத்துப்போகின்றன. வேலை கூடுதல் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்காகவே ஆள்மாற்று முறையில் ஒருவர் தோட்டத்தில் மற்றவர்கள் சேர்ந்து மண் அணைப்பதைச் செயற்குழு முன்மொழிகிறது.

உரத்தில் ஒரே ஒரு விஷயம். யூரியாவை அள்ளிப் போட்ட தோட்டங்களில் செடி தழைத்து, பாருக்குப் பார் பின்னி, மதியம் இரண்டு மணிக்கும் உள்ளே கைவிட்டால் நனைந்தது. அந்த இருட்டில்தான் நோய் முதலில் குடியேறியது. தழைச்சத்தை அளந்து பிரித்துப் போட வேண்டும். சாம்பல்சத்தை (பொட்டாஷ்) குறைக்கக் கூடாது.

மண் பரிசோதனை முடிவுகள் வந்தபின் சுண்ணாம்பு பற்றிக் குழப்பம் எழுந்தது. நம் மண் புளிப்பு மண், அதாவது அமில மண். போட்ட மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்துவைத்துக்கொண்டு செடிக்குத் தராது. அதனால் டோலமைட் சுண்ணாம்பு தேவைதான். ஆனால் அளவு மீறினால் கிழங்கில் சொறி வரும். இன்னொன்றும் உண்டு: புளிப்பு மண்ணில் கரைந்திருக்கும் அலுமினியம் கருகல் வித்துகளின் முளைப்பை அடக்குகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதே அலுமினியம் வேரையும் வாட்டும். ஆகவே மண்ணைப் பார்க்காமல் பக்கத்துக்காரர் போட்டார் என்று மூட்டை மூட்டையாகக் கொட்ட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நன்றாக மக்கிய எரு எந்த மண்ணுக்கும் கெடுதல் செய்யாது. எரு கண்ட மண் பொலபொலவென்று இருக்கும், வெடிக்காது, தண்ணீரும் கட்டாது.

பயிர் சுழற்சி பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1961இல் உருளை வேரைத் தாக்கும் தங்க நூற்புழு நம் மாவட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து பூண்டு, கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் என்று மாற்றிப் போட்டுப் பழகியவர்கள் நாம். கருகலுக்கு இது எப்படி உதவும் என்ற கேள்விக்கு முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வரை போய் வந்தோம். கருகல் பொதுவாக உயிருள்ள செடியிலும் கிழங்கிலும்தான் பிழைக்கும். வெறும் மண்ணில் அதிக நாள் நிற்காது. ஆனால் ஆண், பெண் போன்ற அதன் இரண்டு இணை வகைகளும் ஒரே செடியில் சந்தித்தால் தடித்த ஓடுள்ள வித்து உண்டாகி மண்ணில் பல காலம் கிடக்கும். அதற்கும் சுழற்சி வேண்டும். கேரட்டுக்குள் தானாக முளைத்து நிற்கும் கிழங்குச் செடியைப் பிடுங்காமல் விட்டால் சுழற்சியால் பாதிப் பயன்கூட இல்லை. தக்காளியும் இதே நோயைத் தாங்கும் செடி என்பதால் அதைச் சுழற்சியில் சேர்க்க வேண்டாம். விதைக்கு, நூற்புழுவையும் கருகலையும் ஓரளவு தாங்கும் குஃப்ரி சுவர்ணா, குஃப்ரி சஹ்யாத்ரி ஆகியவற்றை முதலில் கேட்டுப் பாருங்கள்.

விதையில் எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். சித்திரையில் ஒரு வியாபாரியிடம் நயம் விதை என்று வாங்கினேன். அவசரத்தில் அறுத்துப் பார்க்காமல் நட்டேன். மீதிக் கிழங்கை ஒரு வாரம் கழித்து அறுத்தால் மூன்றில் ஒன்று துரு நிறம். அந்த அடுக்கிலிருந்துதான் கீழ்த்தோட்டத்து அண்ணனின் நிலத்துக்கு நோய் போனது என்று நான் நம்புகிறேன். அவரிடம் நேரில் மன்னிப்பு கேட்டேன், சபையிலும் கேட்கிறேன்.

கடைசியாக, குவியல்கள். பாதையோரத்தில், ஓடைக்கரையில் கொட்டிய கழிவுக் கிழங்கு வைகாசியிலேயே முளைத்து நின்றது. தோட்டத்துச் செடிகள் அரையடி உயரும் முன் அந்தக் குவியலின் முளைகளில் கருகல் வந்துவிட்டதை நான்கு பேர் சேர்ந்து பார்த்தோம். நம்மிடம் நீர்போகம் முடிவதற்குள் கார்போகம், அது முடிவதற்குள் ஆண்டின் கடைசிப் பருவமான கடைபோகம். ஏதாவது ஓர் அடுக்கில் எப்போதும் பச்சை இருக்கிறது. நோய்க்கு ஒருநாளும் பட்டினி இல்லை. ஒருவர் எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் மேல்காற்றில் வரும் வித்து வரப்பைப் பார்த்து நிற்காது.

ஆகவே செயற்குழு சபையின் முன் வைக்கும் தீர்மானங்கள்: அடுத்த கார்போகத்தில் ஒவ்வொரு பள்ளத்தாக்கும் இரண்டு வாரத்துக்குள் நடவை முடிப்பது. இலையில் நோய் கண்டால் ஒளிக்காமல் அன்றே சங்கத்துக்குச் சொல்வது. அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பு செடியை வெட்டித் தோட்டத்தை விட்டு அப்புறப்படுத்தி, தோல் முற்றியபின், மண் காய்ந்த நாளில் தோண்டுவது. கழிவுக் கிழங்கை இரண்டடிக்குக் குறையாத ஆழத்தில் புதைப்பது. குழி வெட்ட மூன்று உறுப்பினர்கள் இடம் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. ஓடையிலிருந்து தள்ளி உள்ள இடமாகப் பார்த்துக் குறி போட்டாயிற்று. முதல் குழி வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பழைய பால் சேகரிப்புக் கொட்டகைக்கு மேல். கொத்தும் மண்வெட்டியும் அவரவர் கொண்டுவரவும், டீ சங்கத்துச் செலவு.

இப்படிக்கு,
செயலாளர்