நாலு வாளி தண்ணீர் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கோடைக் குறிப்புகளில், 'கடைசி மாடியில் குடியிருப்போர் சாயங்காலம் மொட்டை மாடியில் நாலு வாளி தண்ணீர் ஊற்றினால் வீடு குளிர்ந்துவிடும்' என்று ஒரு வரி. படித்ததும் மனசு வலித்தது. ஜூன் மாத டெல்லியில் குடிதண்ணீருக்கே டேங்கருக்குப் பின்னால் ஓடுகிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததா?

மயூர் விஹாரில் நாலாவது மாடி, அதுதான் கடைசி மாடி, 22 வருஷமாக எங்கள் வீடு. 2024 மே 29 அன்று டெல்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி. அன்று ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்டூலில் ஏறி, அம்மாவின் கட்டிலுக்கு மேலே சீலிங்கில் கை வைத்தேன். இட்லிப் பானை மூடி மாதிரி சுட்டது. ஃபேன் அந்த அனலைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. 84 வயது அம்மா தரையில் ஈரத் துண்டை விரித்துப் படுத்தார். ஏசியை 24-ல் வைத்தால் கரண்ட் மிச்சமாம். விடியும்வரை கம்ப்ரஸர் நிற்கவே இல்லை, சார்.

அதற்கு முன்பே ஒரு கான்ட்ராக்டர் பேச்சைக் கேட்டு, ஹாலுக்கு 45 ஆயிரத்தில் ஃபால்ஸ் சீலிங் போட்டு ஏமாந்தேன். பகலெல்லாம் கான்கிரீட் வெயிலைக் குடித்த பிறகு கீழே பலகை அடித்து என்ன பயன்? தடுப்பு வெயில் படும் பக்கம் இருக்க வேண்டும். எங்கள் தாத்தா வீட்டு மெட்ராஸ் டெரஸில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதித்திருந்தார்கள். இந்த டெல்லியிலேயே பழைய வீடுகளில் மண்ணும் வைக்கோலும் குழைத்த மிட்டி புஸ்கா உண்டு. 2018-ல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா, அதாவது குடியிருப்புகளுக்கான மத்திய அரசின் எரிசக்தி சேமிப்பு விதித்தொகுப்பு, வெளிக்கும் உள்ளுக்கும் இடையே ஒரு டிகிரி வித்தியாசத்துக்குக் கூரையின் ஒரு சதுர மீட்டரில் 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் இறங்கக் கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட்டில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இறங்கும். ஆனால் அந்த விதி புதுக் கட்டடங்களுக்கு. பழைய வீட்டுக்காரர்களை யார் கேட்கிறார்கள்?

மாடியில் தெர்மோகோல் பலகை, அதன் மேல் சிமெண்ட், வெள்ளை ஓடு போடலாம் என்று எங்கள் சொசைட்டியில் மூன்று வருஷமாகக் கேட்கிறேன். 'மாடி பொது இடம், உங்கள் ஒரு வீட்டுக்காகச் செலவு செய்ய முடியாது' என்றார்கள். சரி, என் செலவில் போடுகிறேன் என்றேன். அதற்கும் அனுமதி இல்லை. அதே வருஷம் வாசல் கேட்டுக்கு கிரானைட் பதித்தார்கள்.

தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள். அப்புறம், மொட்டை மாடியில் எதன் மேல் எதைப் போட வேண்டும், நீர்க்கசிவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று விவரம் தெரிந்த ஒரு இன்ஜினியரிடம் கேட்டு அரைப் பக்கம் போடுங்கள். அதை நானே ஹிந்தியில் எழுதி, அடுத்த சொசைட்டி கூட்டத்தில் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
மயூர் விஹார் வாசகி, டெல்லி