எத்தனையாவது பாகம் என்றும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நூல் அறிமுகப் பகுதிகளில் அட்டைப்படம், விலை, பதிப்பகம், தொலைபேசி எண் நான்கும் தவறாமல் வருகின்றன. அடுத்து எந்த அறிவியல் புனைகதையை வாங்கலாம் என்று தேடும் வாசகருக்கு இவை போதாது. தொடரில் எத்தனையாவது பாகம், முதலில் வெளிவந்த ஆண்டு, மொழிபெயர்த்தவர் யார், முழு நூலா சுருக்கமா என்ற விவரங்களையும் ஓரிரு வரியில் சேர்க்க வேண்டுகிறேன்.

'விருது பெற்றது' என்ற குறிப்பு மட்டும் வாசகரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடும். என்.கே. ஜெமிசினின் மூன்று பாக நாவலுக்கு 2016, 2017, 2018 என வரிசையாக, அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதுகள் மூன்று கிடைத்தன. 2017-இல் வென்ற 'தி ஒபிலிஸ்க் கேட்' நடுப்பாகம். விருதை நம்பி அதை முதலில் எடுப்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' வரிசையில் சிக்கல் வேறு. கதைக் காலப்படி முதலில் நிற்பது 1988-இல் வந்த 'ப்ரிலூட் டு ஃபவுண்டேஷன்'. அதிலிருந்து தொடங்கினால், 1986-இல் வந்த 'ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்' கடைசிவரை பொத்திவைத்திருக்கும் ரகசியம் முன்பே உடைந்துவிடும். 1951 முதல் 1953 வரை வந்த மூன்று நூல்களில் தொடங்கி, வெளிவந்த வரிசையிலேயே படிப்பதுதான் நல்லது. ஆர்தர் சி. கிளார்க்கின் 'ராண்டேவூ வித் ராமா'வை (1973) அந்த ஒரு நூலோடு நிறுத்திக்கொள்ளலாம். 1989 முதல் ஜென்ட்ரி லீயுடன் சேர்ந்து அவர் எழுதிய தொடர்ச்சிகளின் நடை வேறு. முதல் நூலின் பொறியாளர் பார்வையை ரசித்தவர்களுக்கு அவை ஒட்டாது.

மொழிபெயர்ப்பாளர் பெயரை ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும்? ஜூல்ஸ் வெர்னின் கடலடிப் பயண நாவலான 'ட்வென்டி தவுசண்ட் லீக்ஸ் அண்டர் தி சீ'க்கு 1870-களில் லூயிஸ் மெர்சியர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் ஏறக்குறைய கால் பங்கு வெட்டப்பட்டுவிட்டது. போதாக்குறைக்கு எண்களும் பிழை. கதையில் வரும் கேப்டன் நெமோ தன் நீர்மூழ்கிக் கப்பலின் அளவுகளை விளக்கும் அத்தியாயத்தில் எஃகு தண்ணீரைவிட லேசானதாகிவிடுகிறது! மலிவுப் பதிப்பு கையில் கிடைத்தால் முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். எஃகின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏழெட்டு மடங்கு என்று இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். எஃப்.பி. வால்டரின் முழு மொழிபெயர்ப்பு ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம்மின் 'சோலாரிஸ்' ஆங்கிலத்துக்கு 1970-இல் வந்தது பிரெஞ்சு வழியாக. போலிஷிலிருந்து நேரடியாக பில் ஜான்ஸ்டன் மொழிபெயர்த்தது 2011-இல்தான்.

ஒரே நூல் இரண்டு தலைப்புகளில் வருவதும் உண்டு. எதிர்கால பெங்களூரைக் களமாகக் கொண்ட லாவண்யா லட்சுமிநாராயணின் 'அனலாக்/வர்ச்சுவல்' 2020-இல் இந்தியாவில் வந்தது. பின்னர் வெளிநாட்டில் 'தி டென் பெர்சென்ட் தீஃப்' என்று வெளியாகி, 2024-இல் அறிவியல் புனைகதைக்கான ஆர்தர் சி. கிளார்க் விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. தெரியாமல் இரண்டையும் வாங்கினால் பணம் வீண்.

இந்த விருதுகளைத் தருபவர்களும் ஒரே வகையினர் அல்லர். ஹியூகோவுக்கு வாக்களிப்பது உலக மாநாட்டில் உறுப்பினராகும் ரசிகர்கள், நெபுலா என்ற இன்னொரு விருதுக்கு எழுத்தாளர்கள். கிளார்க் விருதை முடிவுசெய்வது நடுவர் குழு. வென்றதை மட்டும் பார்க்காமல் இறுதிப் பட்டியல் முழுவதையும் பார்த்தால் தேர்வு விரியும்.

கடைசியாகப் படித்த நூலில் பிடித்தது எது என்று தெரிந்தால் தேடல் பாதி முடிந்தது. ஆண்டி வியரின் 'தி மார்ஷியன்' நாவலில் கணக்குப் போட்டு உயிர் பிழைக்கும் பகுதிகளை விரும்பியவர், அடுத்து வந்த 'ஆர்ட்டெமிஸ்' நாவலைத் (2017) தாண்டி 'ப்ராஜெக்ட் ஹெயில் மேரி'க்கு (2021) போகலாம். 'ஆர்ட்டெமிஸ்' நிலவில் நடக்கும் சதிக் கதை. பெரும் கட்டுமானங்களில் மனம் லயிப்பவருக்கு கிளார்க்கின் 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' (1979) இருக்கிறது. விண்வெளிக்கு மின்தூக்கி அமைக்கும் கதை அது. அதற்குப் பூமத்திய ரேகை வேண்டும் என்பதால், தான் வாழ்ந்த இலங்கையைக் கற்பனையில் சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தியிருக்கிறார் கிளார்க். சிவனொளிபாதமலையையும் சிகிரியாவையும் பார்த்தவர்கள் அவற்றை அதில் உடனே அடையாளம் காண்பார்கள்.

தமிழ் நூல்களுக்கும் இந்த வரி தேவை. 'மீண்டும் ஜீனோ – சுஜாதா. இரண்டாம் பாகம், முதலில் படிக்க வேண்டியது: என் இனிய இயந்திரா.' அச்சில் இதற்கு இரண்டு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

– வாசகர், திருச்சி