2,202 யோசனையும் ஒளியின் வேகமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ஒளியின் வேகத்தை வேதம் அன்றே சொல்லிவிட்டது' என்ற செய்தி நம் நாளிதழ்களின் ஆன்மிகப் பக்கங்களிலும் சிறப்பு மலர்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. எழுதுகிறவர்கள் முன்னோர் மீதுள்ள மதிப்பினால்தான் எழுதுகிறார்கள்; அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்துவிட்டு அச்சிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். போட்டுப் பார்ப்பதற்கான எண்களைக் கீழே தருகிறேன்.

முதலில், மூலத்தில் என்ன இருக்கிறது? ரிக் வேதம் முதல் மண்டலம், 50ஆம் சூக்தம், 4ஆம் மந்திரம் சூரியனைப் போற்றுகிறது: விரைந்து கடப்பவன், எல்லோராலும் காணப்படுபவன், ஒளியை உண்டாக்குபவன். அவ்வளவுதான். மந்திரத்தில் எண்ணே கிடையாது. எண் வருவது 14ஆம் நூற்றாண்டில், விஜயநகர அரசில் அமைச்சராக இருந்த சாயணர் எழுதிய உரையில். அவரும் அதைத் தம் கூற்றாகச் சொல்லவில்லை. இப்படி நினைவுகூரப்படுகிறது என்று ஒரு பழைய சுலோகத்தை எடுத்துக் காட்டுகிறார். 'அரை நிமிஷத்தில் இரண்டாயிரத்து இருநூற்று இரண்டு யோசனை கடப்பவனே, உனக்கு வணக்கம்' என்பது அதன் பொருள். யோசனை என்பது பழைய தூர அளவு; நிமிஷம் இங்கே 60 நொடி அல்ல, கண் இமைக்கும் நேரத்தைக் குறிக்கும் பழைய கால அளவு.

இதைக் கிலோமீட்டருக்கு மாற்ற இரண்டு அளவுகள் தெரிய வேண்டும்: ஒரு யோசனை எவ்வளவு தூரம், ஒரு நிமிஷம் எவ்வளவு நேரம். இரண்டுக்குமே நம் நூல்களில் ஒரே விடை இல்லை. இங்கேதான் எல்லாம் நடக்கிறது.

அர்த்தசாஸ்திரத்தைச் சார்ந்து யோசனையைச் சுமார் 9 மைல், அதாவது 14.6 கி.மீ. என்று எடுப்பார்கள். ஆரியபட்டர் பூமியின் விட்டம் 1,050 யோசனை என்கிறார். உண்மையான விட்டமான 12,742 கி.மீ.யை அதனால் வகுத்தால் ஒரு யோசனை 12.1 கி.மீ. பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தம் அதே விட்டத்தை 1,600 யோசனை என்கிறது. அப்படியானால் ஒரு யோசனை 8 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. நிமிஷமும் அப்படியே. விஷ்ணு புராணத்தின்படி 15 நிமிஷம் ஒரு காஷ்டை, 30 காஷ்டை ஒரு கலை, 30 கலை ஒரு முகூர்த்தம், 30 முகூர்த்தம் ஒரு நாள். 86,400 நொடிகளை இதன்படி வகுத்தால் நிமிஷம் 0.213 நொடி. மனுவின்படி 18 நிமிஷம் சேர்ந்தால்தான் ஒரு காஷ்டை, நிமிஷம் 0.178 நொடி ஆகிவிடும். அர்த்தசாஸ்திரத்தின் கால அளவையில் அது 0.24 நொடி.

மூன்று யோசனை, மூன்று நிமிஷம். ஆக ஒன்பது விடைகள். மிகச் சிறியது நொடிக்குச் சுமார் 1,46,000 கி.மீ., மிகப் பெரியது சுமார் 3,62,000 கி.மீ. ஒளியின் வேகமான 2,99,792 கி.மீ.க்கு அருகில் வருபவை ஒன்பதில் இரண்டு. ஒன்று, அர்த்தசாஸ்திர யோசனையோடு புராண நிமிஷத்தைச் சேர்த்தது. மற்றொன்று, ஆரியபட்டரின் யோசனையோடு மனுவின் நிமிஷத்தைச் சேர்த்தது. நீளத்தை ஒரு நூலிலிருந்தும் நேரத்தை வேறொரு நூலிலிருந்தும் எடுத்தால்தான் விடை பொருந்துகிறது. இரண்டையும் அர்த்தசாஸ்திரத்திலிருந்தே எடுத்தால் 2,68,000தான் கிடைக்கும். சாயணர் எந்த யோசனையை மனத்தில் வைத்திருந்தார் என்று அந்த உரை சொல்வதில்லை. விடை தெரிந்த பிறகு அலகைத் தேர்ந்தெடுத்தது நாம்.

இன்னொன்று. சுலோகம் ஒளியைப் பற்றியதே அல்ல. 'கடப்பவனே' என்று விளிக்கப்படுவது சூரியன். பாகவதம் 5ஆம் ஸ்கந்தம் 21ஆம் அத்தியாயத்தில் இதே வகைக் கூற்று வெளிப்படையாகவே வருகிறது: 9 கோடியே 51 லட்சம் யோசனைச் சுற்றளவுள்ள பாதையில் சூரியன் ஒரு க்ஷணத்துக்கு 2,000 யோசனைக்குச் சற்று மேல் செல்கிறான் என்று. பூமி நிற்க, சூரியன் சுற்றுவதாகக் கொண்ட கணக்கு இது. சாயணர் காட்டும் சுலோகத்தை நொடிக்கு 3 லட்சம் கி.மீ. என்று ஏற்றுக்கொண்டால் சூரியன் ஒரு நாளில் 2,592 கோடி கி.மீ. ஓட வேண்டும். அந்த வட்டத்தின் ஆரம் 412 கோடி கி.மீ. யுரேனஸ் இருக்கும் தொலைவையும் தாண்டி, ஏறக்குறைய நெப்டியூனுக்குப் பக்கத்தில் சூரியனை வைத்ததாக ஆகிவிடும். ஓர் எண்ணை ஏற்கிறவர் அதன் விளைவையும் ஏற்க வேண்டும் அல்லவா?

அனுமன் சாலிசாவின் 'யுக சஹஸ்ர யோஜன' வரியும் இப்படித்தான். யுகம் 12,000, சஹஸ்ரம் 1,000, யோசனை 8 மைல், பெருக்கினால் 9.6 கோடி மைல், சூரியனின் தொலைவு 9.3 கோடி மைல் என்று காட்டுவார்கள். ஆனால் எண்ணைச் சொல்லால் குறிக்கும் பூதசங்கியை முறையில் வானியல் நூல்கள் 'யுகம்' என்ற சொல்லை 4 என்ற எண்ணுக்கே வழங்குகின்றன. அப்படிப் படித்தால் கிடைப்பது வெறும் 4,000 யோசனை. திருக்குர்ஆனின் 32:5 வசனத்திலிருந்து ஒளியின் வேகத்தை வருவிக்கும் கணக்கும் உலவுகிறது. அங்கேயும் சந்திரனின் வேகத்தை ஒரு கோணத்தின் கோசைனால் பெருக்கிய பிறகுதான் விடை பொருந்துகிறது. எந்த மதத்தின் நூலை எடுத்தாலும் இந்த முறை பலிக்கும்.

தமிழில் திருவாசகத்தின் திருவண்டப்பகுதியைப் பெருவெடிப்புக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். 'நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன' என்ற அடியில் வரும் 'விரிந்தன' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அண்டம் விரிவடைவதை மணிவாசகர் சொன்னார் என்கிறார்கள். அடுத்த அடிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நூற்றொரு கோடிக்கும் மேலாகப் பரந்து கிடக்கும் அந்த அண்டங்கள், வீட்டுக்குள் நுழையும் கதிரில் மிதக்கும் துகள்கள் போலச் சிறியவையாகும்படி இறைவன் பெரியவன் என்பதே பொருள். எண்ணிக்கையின் பரப்பைச் சொல்லும் சொல்லைக் காலத்தில் நிகழும் விரிவாக்கமாக மாற்றினால் விஞ்ஞானத்துக்கு எந்த லாபமும் இல்லை; அந்த அருமையான உவமைதான் கண்ணில் படாமல் போகிறது.

அப்படியானால் பழைய நூல்களில் வானியல் இல்லையா? நிறைய இருக்கிறது. அதைச் சோதிக்க நல்ல வழி, அலகே தேவைப்படாத எண்களைப் பார்ப்பது. ஆரியபட்டர் கி.பி. 499ஐ ஒட்டி எழுதிய நூலில், 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு யுகத்தில் பூமி 158,22,37,500 முறை சுழல்கிறது என்கிறார். அதே யுகத்தில் நாட்கள் 157,79,17,500. நாட்களைச் சுழற்சிகளால் வகுத்து 86,400ஆல் பெருக்குங்கள். விண்மீன்களை ஒட்டிப் பூமி ஒருமுறை சுழலும் நேரம் 23 மணி 56 நிமிடம் 4.1 நொடி என்று வரும். இன்றைய மதிப்பும் அதுவே. யோசனை எவ்வளவு என்று யாரும் சண்டை போட இங்கே இடமில்லை. பூமிதான் சுழல்கிறது என்பதற்கு அவர் ஆற்றில் செல்லும் படகை உவமை காட்டினார். பின்வந்த பிரம்மகுப்தர் அதை மறுத்தார். வேதவாக்கு என்று ஏற்றுக்கொண்டு யாரும் வாய்மூடி இருக்கவில்லை.

சூரிய சித்தாந்தத்தின் தூரக் கணக்கு இன்னும் பாடம் நிறைந்தது. சந்திரனின் பாதைச் சுற்றளவு 3,24,000 யோசனை என்கிறது. ஆரம் 51,600 யோசனை, அதாவது ஏறக்குறைய 4,10,000 கி.மீ. உண்மைச் சராசரி 3,84,400. ஏழு சதவீதத்துக்குள் வந்துவிட்டார்கள்! அதே நூலில் சூரியனின் பாதை 43,31,500 யோசனை. ஆரம் சுமார் 55 லட்சம் கி.மீ. உண்மை 15 கோடி. 27 மடங்கு குறைவு. ஒன்று இவ்வளவு சரியாகவும் மற்றொன்று இவ்வளவு தவறாகவும் இருப்பது ஏன்? எல்லாக் கோள்களும் ஒரு நாளில் ஒரே தூரம் நகர்கின்றன என்று வைத்துக்கொண்டார்கள். 3,24,000ஐச் சந்திரன் ஒரு சுற்றுக்கு எடுக்கும் 27.32 நாளால் வகுத்தாலும், 43,31,500ஐ 365.26ஆல் வகுத்தாலும் சுமார் 11,859 யோசனையே வரும். சந்திரன் அருகில் இருப்பதால் அதன் தொலைவைக் கிரகணங்களை வைத்துச் சரிபார்க்க முடியும். சூரியன் விஷயத்தில் அனுமானமே கணக்காகிவிட்டது. தவறு எங்கே நுழைந்தது என்று விரல் வைத்துக் காட்டும்படி ஒரு நூல் இருப்பதே அது அறிவியல் என்பதற்கு அடையாளம்.

ஐரோப்பாவில் நடந்ததும் இதுதான். வியாழனின் துணைக்கோளான ஐயோவின் மறைவுகள், பூமி விலகிச் செல்லும் மாதங்களில் தாமதமாக வருவதைக் கொண்டு, பூமிப் பாதையின் விட்டத்தைக் கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்று 1676இல் டென்மார்க் வானியலாளர் ஓலே ரோமர் மதிப்பிட்டார். சரியான விடை 16 நிமிடத்துக்குச் சற்று அதிகம். எப்படிக் கிடைத்தது என்று தெரிந்திருந்ததால் அடுத்தவர்களால் திருத்த முடிந்தது. 2,202 யோசனையைத் திருத்த யாருக்கும் வழியில்லை. அதை எப்படி அளந்தார்கள் என்ற குறிப்பே இல்லை.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான சான்று வாக்கியப் பஞ்சாங்கம். சந்திரன் தன் பாதையில் மிக மெதுவாக நகரும் இடத்திலிருந்து புறப்பட்டு அதே இடத்துக்கு வர 27.5546 நாள் ஆகும். இப்படி ஒன்பது சுற்றுக்கு 247.99 நாள்; ஆகவே 248 நாளுக்கு 248 வாக்கியங்கள். ஒவ்வொரு வாக்கியமும், எழுத்துகளை இலக்கங்களாகப் படிக்கும் கடபயாதி முறையில் ஓர் எண். முதல் வாக்கியம் 'கீர்ந: ச்ரேய:'. க வருக்கத்தின் மூன்றாம் எழுத்து 3, ந 0, கூட்டெழுத்தில் கடைசி மெய்யான ர 2, ய 1. வலமிருந்து இடமாகப் படித்தால் 1203: சந்திரன் 12 பாகை 3 கலை (இங்கே கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) நகர்ந்திருக்கிறது. அடுத்த நாளின் 'தேநவ: ஸ்ரீ:' 2409, அதாவது 24 பாகை 9 கலை. இதை மனப்பாடம் செய்து, தரையில் சோழிகளை அடுக்கியே கணித்த தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரின் கணக்கை, சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். 1825ஆம் ஆண்டு மே 31 – ஜூன் 1 சந்திர கிரகணத்துக்கு அந்தப் பஞ்சாங்கக்காரர் சொன்ன நேரத்தில் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை. எழுதுகோல் கூட இல்லாமல் இது எவ்வளவு பெரிய காரியம்! 52 நிமிடம் தவறியதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

பிழை சேரும் என்பது அந்த மரபுக்கே தெரியும். கேரளத்தின் பரமேசுவரர் பல பத்தாண்டுகள் கிரகணங்களைக் கவனித்து, பழைய எண்களைத் திருத்தி, வானில் தெரிவதோடு ஒத்துப்போகும் திருக்கணிதத்தை 1431இல் வகுத்தார். திருத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2023இல் எல்லோரும் பார்த்தோம். திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி ஜனவரி 17. வாக்கியப்படி திருநள்ளாற்றில் டிசம்பர் 20. பதினொரு மாத இடைவெளி. சனியின் சராசரி வேகத்தில் இருந்த சிறு பிழை நூற்றாண்டுக் கணக்கில் குவிந்தால் இப்படித்தான் ஆகும். கோயில் வழக்கம் எதைப் பின்பற்ற வேண்டும் என்பது வழிபடுவோரின் உரிமை; அதில் நான் தலையிடவில்லை. வானத்தில் சனி எங்கே நிற்கிறது என்பது வேறு கேள்வி.

எனவே ஆசிரியர் குழுவுக்கு என் கோரிக்கை இதுதான். 'அன்றே சொன்னார்கள்' என்ற கட்டுரை வரும்போது, மூல வரியை அப்படியே போடச் சொல்லுங்கள்; அது மூலத்தில் உள்ளதா உரையில் உள்ளதா, எந்த நூற்றாண்டு என்றும் கேளுங்கள். அலகுகளை எந்த நூலிலிருந்து எடுத்தார், இரண்டும் ஒரே நூலா என்பதையும் எழுத வேண்டும். கண்டுபிடிப்பு வருவதற்கு முன்பு எந்த உரையாசிரியராவது அந்த வரியை அப்படிப் படித்தாரா என்பது கடைசிக் கேள்வி; பெரும்பாலான கட்டுரைகள் அதிலேயே நின்றுவிடும்.

அடுத்த சனிப்பெயர்ச்சிச் சிறப்பிதழில் ராசிபலனோடு ஒரு சிறு வான்படமும் சேர்த்து வெளியிடுங்கள். இரண்டு பஞ்சாங்கங்களும் சனியை எந்தப் பாகையில் வைக்கின்றன, அது எத்தனை மணிக்கு எந்தத் திசையில் தெரியும், பக்கத்தில் உள்ள விண்மீன் எது என்று அதில் இருந்தால் போதும். மொட்டைமாடிக்குப் போய் வாசகர்களே பார்த்துக்கொள்வார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
வானியல் வரலாற்று ஆர்வலர்,
மதுரை.